அகத்திக்கும் போர்ட் பிளேயருக்கும் எவ்வளவு தூரம்?

அயோத்தியாப்பட்டினத்தைத் தாண்டி அரூர் சாலையில் போனால் சேர்வராயன் மலையின் அடியில் வருகிறது குப்பனூர். ஏற்காட்டுக்கு இங்கிருந்தும் ஒரு மலைப்பாதை கொட்டச்சேடு வழியாக ஏறுகிறது. பெரிய பாதையில் மண் சரிந்தால் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். வரைபடத்தில் கோல் வைத்து அளந்தால் குப்பனூரிலிருந்து ஏற்காடு பத்துக் கிலோமீட்டர் அளவுதான். சாலையிலோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "எந்த வழியில்?" என்று இங்கே திருப்பிக் கேட்பார்கள். வானத்தில் கொண்டை ஊசி வளைவு கிடையாது, அங்கே ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது சரிதானா என்று பார்க்க, குப்பனூரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு தீவுகளை எடுத்துக்கொள்ளலாம்.

குப்பனூரும் அந்தமானின் போர்ட் பிளேயரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினாலும் டிக்கெட் எடுப்பவர் வாயில் அது இன்னும் போர்ட் பிளேயர்தான். இங்கிருந்து நேர் கிழக்கே சுமார் 1,575 கிலோமீட்டர். மேற்கே, சற்றுத் தெற்காக, சுமார் 675 கிலோமீட்டரில் லட்சத்தீவின் அகத்தி. அகத்தி விமான நிலையம் 10.824 பாகை வடக்கு, 72.176 பாகை கிழக்கு. போர்ட் பிளேயர் விமான நிலையம் 11.641 வடக்கு, 92.730 கிழக்கு. இரண்டு தீர்க்கரேகைகளுக்கும் நடுப்புள்ளி 82.45. இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் 82.5 பாகைக் கோடு இந்த இரண்டு நிலையங்களையும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிக்கிறது. கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றே. சூரியன் மட்டும் ஒரு முனையில் 41 நிமிடம் முந்துகிறான், மறு முனையில் 41 நிமிடம் பிந்துகிறான். இந்த இரண்டுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. ஆனாலும் தூரம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

இந்தப் பேச்சு எழுந்ததும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் முதலில் சொல்வது பெருவட்டம். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, உருண்டையின் மையத்தை உள்ளடக்கிய தளம் மேற்பரப்பை வெட்டும் கோடு. தட்டையான வரைபடத்தில் அது வில்லாக வளைந்து தெரியும். லண்டனிலிருந்து நியூயார்க் போகும் விமானம் ஏன் வடக்கே வளைகிறது என்ற படத்தோடு பாடப் புத்தகங்கள் இதை விளக்கும். பாடம் சரி. அதை அப்படியே நம் அட்சரேகைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

அகத்தியையும் போர்ட் பிளேயரையும் தட்டை வரைபடத்தில் கோல் வைத்து இணைத்தால், கோடு தானூர் அருகே கேரளக் கரையேறி, மோகனூரை ஒட்டிக் காவிரியைக் கடந்து, பூம்புகாரில் கடலுக்குள் இறங்குகிறது. பெருவட்டம் பரப்பனங்காடி அருகே கரையேறி, நாமக்கல் நகரத்தின் தலைக்கு மேலே போய், சீர்காழிக்குக் கிழக்கே திருமுல்லைவாசலுக்குச் சற்று வடக்கில் கரையைத் தாண்டுகிறது. மோகனூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே 17 கிலோமீட்டர். வங்கக் கடலின் மேல் இரண்டு கோடுகளும் மிக அதிகமாக விலகும் இடத்திலும் 20 கிலோமீட்டர்தான். நீளத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் அரைக் கிலோமீட்டர். இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் அரை! பெருவட்டம் தெரியாத ஒருவர் கோல் வைத்து அளந்து சொன்னாலும், போர்ட் பிளேயர் ஓடுபாதையின் நீளத்தைவிடக் குறைவாகவே தவறுவார்.

காரணம் எளிது. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு மேற்காகப் போகும்போது அட்சரேகையே கிட்டத்தட்டப் பெருவட்டம். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக, தூரம் நீள நீள, வித்தியாசம் ஏறும். தூரத்தின் கன அளவில் ஏறும் என்பதால் முதலில் ஒன்றுமே தெரியாது, பிறகு மளமளவென்று தெரியும். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் இரண்டு தீவுகளை எடுத்துக்கொள்வோம். மொரீஷியஸ் விமான நிலையத்திலிருந்து ஃபிஜியின் நாண்டிக்குப் பெருவட்டத்தில் சுமார் 12,195 கிலோமீட்டர். ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனால் சுமார் 12,590. ஏறக்குறைய 390 கிலோமீட்டர் கூடுதல். ஒரே திசைக் கோடு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் போர்ட் ஹெட்லண்டுக்கு அப்பால் கடலில் போகும். பெருவட்டமோ அந்தக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் ஆல்பனி நகரத்தை ஒட்டித் தெற்கே போய்த் திரும்பும். பெருவட்டம் தன் பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்வது இங்கேதான்.

கணக்குப் போடும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இடங்களையும் வட துருவத்தையும் மூன்று முனைகளாக வைத்துக் கோள முக்கோணம் வரைந்தால், இரண்டு பக்கமும் இடைக்கோணமும் தெரிந்துவிடும். மூன்றாவது பக்கம் கொசைன் விதியில் வந்துவிடும். பாகையில் வரும் அந்த விடையை 60ஆல் பெருக்கினால் கடல் மைல் என்பது மாலுமிகளின் பழைய குறுக்குவழி. நம் விடை 20.17 பாகை, அதாவது 1,210 கடல் மைல். கைபேசிச் செயலிகளில் பெரும்பாலும் ஓடுவது ஹேவர்சைன் சூத்திரம். ஆரியபடரின் கணித மரபில் உத்கிரமஜ்யா என்று ஒரு அளவு உண்டு; மேற்கில் அதை வெர்சைன் என்றார்கள்; அதில் பாதி ஹேவர்சைன். 19ஆம் நூற்றாண்டில் கடலோடிகளின் அட்டவணைகளில் புழங்கிய இதை, 1984இல் ரோஜர் சின்னாட் ஒரு வானியல் இதழில் கணினிக்காரர்களுக்கு மறுபடி நினைவூட்டினார். மிகச் சிறிய தூரங்களில் கொசைன் ஒன்றை நெருங்கிவிடுவதால் அன்றைய கணினிகளில் இலக்கங்கள் உதிர்ந்தன; ஹேவர்சைனில் உதிராது. இன்றைய கணினி பதினைந்து பதினாறு இலக்கம் வைத்துக்கொள்கிறது. நம் தீவுகளுக்கு எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் ஒரே விடைதான். எந்தச் சூத்திரம் உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள், அதற்குள் எந்த ஆரத்தைப் போடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்தால் அகத்தியிலிருந்து போர்ட் பிளேயருக்கு 2,243 கிலோமீட்டர். பூமி உருண்டை இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையானது. நடுக்கோட்டில் ஆரம் 6,378.137, துருவத்தில் 6,356.752. அந்த உண்மையான வடிவத்தின் மேல் கணக்கிட்டால் விடை ஏறக்குறைய 2,246 கிலோமீட்டர், 1,213 கடல் மைல். நடுக்கோட்டுப் பகுதியில் கிழக்கு மேற்காகப் போகிறவருக்குப் பூமி சராசரியைவிடப் பெரியது. அதைச் சராசரி ஆரத்தால் அளந்தால் எப்போதும் குறைத்தே சொல்வோம். பெருவட்டத்துக்கும் தட்டைக் கோட்டுக்கும் உள்ள சண்டை அரைக் கிலோமீட்டர். பூமியின் உருவத்தைப் பற்றிய சண்டை கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். ஆனால் முதலாவதைப் பற்றிப் பத்துப் படம் வரைகிறோம், இரண்டாவதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

இந்த உருவத்தைக் கண்டுபிடித்ததில் நம் ஊர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள கோணமானியை மலைமீதும் கோபுரத்தின்மீதும் ஏற்றி, முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து, 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு வடக்காக அளந்துகொண்டு போன பெருவில் அது. சேர்வராயன் மலை நிற்பது அந்தத் தீர்க்கரேகைக்குப் பக்கத்திலேயே. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கோணமானி மோதி நசுங்கியதும், லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து அதைச் சரிசெய்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அந்த அளவைகளிலிருந்து ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஒரு உருவம் கொடுத்தார். நடுக்கோட்டு ஆரம் 6,377.276 கிலோமீட்டர். நம் இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எவரெஸ்ட்டின் அந்தக் கோளத்தின் மேல் வைத்துக் கணக்கிட்டால், இன்றைய செயற்கைக்கோள் காலத்து விடையிலிருந்து சுமார் 300 மீட்டர்தான் குறைகிறது. கையிலிருக்கும் செயலி சராசரி ஆரத்தை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டரை விடுகிறது. 1830ஆம் ஆண்டுக் கணக்கு விடுவது அதில் பத்தில் ஒரு பங்கு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவரெஸ்ட்டின் கோளம் நன்றாக இருந்தாலும் அந்தக் காலத்தில் தீவுகளின் ஆயங்கள் கையில் இல்லை. முக்கோண அளவைக்குக் கண்ணுக்குக் கண் பார்வை வேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே நின்றால் அடிவானம் சுமார் 145 கிலோமீட்டரில் முடிந்துவிடும். போர்ட் பிளேயர் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். கடலின் நடுவே கோணமானியை ஊன்ற மலை ஏது? எனவே தூரத் தீவின் தீர்க்கரேகையை நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நம் அட்சரேகையில் கடிகாரம் ஒரு நொடி பிசகினால் இடம் 455 மீட்டர் பிசகும். ஐந்து நொடிப் பிசகு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நிலத்தில் அங்குலத்தை எண்ணியவர்கள் கடல் கடந்ததும் கிலோமீட்டரில் தடுமாற வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு நாடும் தன் நிலத்துக்குப் பொருந்திய கோளத்தை வைத்து வரைபடம் போட்டதால், ஒரே ஓடுபாதைக்கு இரண்டு நாட்டு ஆயங்கள் நூறு மீட்டருக்கும் மேல் வேறுபட்டன. வானத்தில் இது விளையாட்டில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஒரே அடிப்படையை 1998 ஜனவரி 1 முதல் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது. அந்தக் கோளத்தின் மேல் கணக்கிட 1975இல் தாடியஸ் வின்சென்டி கொடுத்த முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. பூமியின் நேர் எதிர்ப்பக்கத்துக்கு நெருங்கிய இடங்களில் அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013இல் சார்லஸ் கார்னி அந்தக் குறையையும் போக்கினார்.

இவ்வளவுக்கும் பிறகு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு? விமான நிலையத்தின் ஆயம் என்று அச்சிடுவது ஒரே ஒரு குறிப்புப் புள்ளியை. வழக்கமாக ஓடுபாதையின் நடுப்பகுதியில் இருக்கும். போர்ட் பிளேயரின் ஓடுபாதை சுமார் 3,290 மீட்டர். சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கலாம். ஆகவே நிலையத்திலிருந்து நிலையத்துக்கான தூரத்தை மீட்டர் கணக்கில் சொல்கிறவரைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுவதே நல்லது.

இனி விமானம். அது தரையில் ஊர்ந்து போவதில்லை. 35,000 அடியில் பறந்தால் பூமியின் மையத்திலிருந்து இன்னும் 10.7 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. அந்த உயரத்தில் அதே வழி ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் கூடுதல் நீளம். வான்வழித்தடங்கள் பெயரிட்ட புள்ளிகளைக் கோத்துப் போகின்றன, பெருவட்டத்தை அப்படியே பின்தொடர்வதில்லை. அதனால் எவ்வளவு நட்டம் என்பதற்கு நம் ஊரையே வைத்துப் பார்க்கலாம். நாமக்கல் மேல் போக வேண்டிய விமானத்தைக் குப்பனூர் மேல் வரச் சொன்னால், வழியிலிருந்து 57 கிலோமீட்டர் வடக்கே விலக வேண்டும். கூடும் தூரம் நான்கு கிலோமீட்டருக்குள். நீண்ட பயணத்தின் நடுவழியில் பக்கவாட்டில் விலகுவது மலிவு. மலைப்பாதையில் பழகிய நமக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். விமானத்தின் தூரத்தைக் கூட்டுவது புறப்படும்போதும் இறங்கும்போதும் போடும் வட்டங்களும், ஓடுபாதையின் திசைக்கு ஏற்பச் சுற்றி வருவதும், மேகக் கூட்டத்தை விலக்குவதும்தான். அந்தச் சர்வதேச அமைப்பின் கரியமிலவாயுக் கணக்கில் இதற்கு வெளிப்படையாகவே ஒரு சேர்ப்பு உண்டு. பெருவட்டத் தூரம் 550 கிலோமீட்டருக்குக் குறைந்தால் 50, அதிலிருந்து 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கிலோமீட்டர் கூட்டிக்கொள்வார்கள். நம் 2,246 அங்கே 2,346 ஆகிவிடும். மூன்று கிலோமீட்டருக்காகக் கோளத்தின் வடிவத்தைத் தேடி அலைந்த நமக்கு இது சற்று அவமானம்தான்.

காற்று அதைவிடப் பெரியது. தென்மேற்குப் பருவக்காற்றை நாம் தரையில் மேற்கிலிருந்து வருவதாக அறிவோம். அதே மாதங்களில் மிக உயரத்தில் காற்று எதிர்ப்புறமாக, கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. இந்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றை 1958இல் உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் உச்சம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கு மேலே இருந்தாலும் கீழ்ப்பகுதியின் வேகம் விமானத்தைத் தொடும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேக விமானத்துக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால், 2,246 கிலோமீட்டரைக் கடக்க அது காற்றுக்குள் 2,400க்கும் மேல் பறந்தாக வேண்டும். ஆடி மாதத்தில் அகத்தியிலிருந்து போர்ட் பிளேயர் தூரம். போர்ட் பிளேயரிலிருந்து அகத்தி கிட்டம். எரிபொருள் நிரப்புகிறவருக்கு இதுதான் தூரம்.

ஆனால் அப்படி ஒரு விமானத்தை அகத்தியில் நிறுத்த முடியாது. 1988இல் திறந்த அந்த நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர். இரு முனையிலும் கடல். அங்கே வரக்கூடியது ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானம். நம் பக்கத்துக் கமலாபுரம் விமான நிலையத்துக்கும் அதுவே வந்துபோகிறது. ஆள் நிரம்பினால் அது ஒரே மூச்சில் போவது 1,500 கிலோமீட்டர் அளவு. அகத்தியில் இறங்கக்கூடிய விமானத்தால் போர்ட் பிளேயரை எட்ட முடியாது. எட்டக்கூடிய விமானத்தால் அகத்தியில் இறங்க முடியாது. நாமக்கல் மேல் போகும் அந்த அழகான கோட்டில் பறக்க யாருமில்லை.

பயணி போகிற வழி இது: அகத்தியிலிருந்து கொச்சி சுமார் 468 கிலோமீட்டர், கொச்சியிலிருந்து சென்னை 517, சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் 1,374. மொத்தம் 2,359. நேர்க்கோட்டைவிட 113 கிலோமீட்டர், நூற்றுக்கு ஐந்துதான் அதிகம். மூன்று விமானம், இரண்டு இடத்தில் காத்திருப்பு, அட்டவணை பொருந்தாவிட்டால் ஓர் இரவு விடுதி. கிலோமீட்டர் கணக்கில் இவை எதுவும் ஏறாது.

தூரத்தை வைத்துப் பணம் கொடுக்கும் சட்டங்களில் இது வெளிப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் தாமதமானால் இழப்பீடு 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற எல்லைகளின்படி வருகிறது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர் வழக்கில், இணைப்பு விமானம் எத்தனை ஏறினாலும் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் நடுவிலான பெருவட்டத் தூரமே கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இந்திய விதி கிலோமீட்டரையே தொடவில்லை. உரிய நேரத்தில் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பயண நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணிக்குள் 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. தீவுகளுக்கு மணிக்கணக்கே பொருத்தம் என்பது என் கருத்து. விசிறி விமானம் மெதுவாகப் போகும் ஊர்களில் கிலோமீட்டர் பயணியை ஏமாற்றும்.

ஆனால் மணிக்கணக்கிலும் ஓட்டை உண்டு. மூன்று டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கிய அகத்திக்காரருக்குக் கொச்சி விமானம் ரத்தானால், விதி பார்ப்பது அந்த ஒரு துண்டின் நேரத்தை மட்டும். 7,500 ரூபாய்ப் படிநிலை. சென்னையில் அவருக்காகக் காத்திராமல் கிளம்பிப்போன விமானத்தின் கட்டணம் அவர் தலையில். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் நிலைமை வேறு. ஒரே நிறுவனம் மூன்று துண்டையும் ஓட்டினால்தான் அப்படி எடுப்பது எளிது. இல்லாவிட்டால் முன்பதிவுத் திரையில் அகத்தி, போர்ட் பிளேயர் என்று இரண்டு முனைகளையும் தட்டினால் வழி காட்டாமலே நின்றுவிடும். 2,246 என்ற எண்ணை மட்டும் எந்தச் செயலியும் உடனே சொல்லிவிடும். சில செயலிகள் 2,243 என்னும்.